மோடம் போர்டுல யூஎஸ்பி எதுக்கு?

போன தடவை பரோட்டா பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "படிக்கிற பையன் மாதிரியே தெரியலையே" என்று ஒருத்தர் வருத்தப்பட்டிருந்தார். அவருக்காக இந்த முறை பாடம் சம்பந்தப்பட்ட விஷயம். கொஞ்சம் நீளம்தான். எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத முயற்சி செய்திருக்கிறேன். புரியாவிட்டால் தப்பு என் மேல்.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிம் கார்டு போட்டு நெட்வொர்க்கோடு பேசுகிற செல்லுலார் மோடம் மாட்யூலை வைத்து யார் போர்டு டிசைன் செய்தாலும், அந்த மாட்யூலின் யூஎஸ்பி கால்களைத் தொடக்கூடிய இடத்துக்குக் கொண்டு வந்தே ஆக வேண்டும். உங்கள் டிசைனில் யூஎஸ்பிக்கு வேலையே இல்லை என்றாலும் கொண்டு வர வேண்டும். "தேவைப்படாது" என்று விட்டுவிடுவது சிக்கனம் கிடையாது. பின்னால் வரப்போகும் ஒருத்தர் தலையில் கடனை ஏற்றி வைப்பது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஏற்றி வைத்தவன் நான்தான்.

நடந்த கதை

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் ஒரு பம்ப்செட் பெட்டி. சிரிக்காதீர்கள், கல்லூரிக்கு நாலு டீமாவது இதைத்தான் செய்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்களுக்கு நிஜமான கஸ்டமர் ஒருத்தர் இருந்தார். டீமில் இருக்கும் நண்பனின் அப்பா. கிணறு வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் மோட்டார் போட முடியும். ராத்திரி 2 மணிக்கு வந்தால் 2 மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துப் பார்த்தாராம், கிணற்றில் தண்ணீர் இல்லாத ஒரு நாள் மோட்டார் வெறுமனே ஓடி காயில் கருகிவிட்டது. ஒருமுறை வரப்பில் கட்டுவிரியனை மிதிக்கப் போய் மயிரிழையில் தப்பித்திருக்கிறார்.

"கரண்டு வந்தா போன்ல தெரியணும், போன்லயே மோட்டாரைப் போடணும், நிறுத்தணும். அவ்ளோதான்ப்பா" என்றார். இவ்வளவு தெளிவாக ஒரு தேவையை எங்கள் வகுப்பில் யாரும் எழுதிக்கொடுத்ததில்லை.

4ஜி கேட்-1 மாட்யூல் ஒன்று வாங்கினோம். அதற்குக் கட்டளை கொடுக்க இரண்டு வாசல். ஒன்று யூஆர்ட், அதாவது நம் எல்லோருக்கும் பழக்கமான சீரியல் போர்ட். இன்னொன்று யூஎஸ்பி. எங்கள் மைக்ரோ கன்ட்ரோலரில் யூஆர்ட் இருந்தது. அனுப்பப் போவதோ "மோட்டார் ஆன்", "மோட்டார் ஆஃப்" என்று பத்துப் பதினைந்து எழுத்து. 1981-ல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தில் அறிமுகமான ஏடி கமாண்டுகள்தான் இன்றைக்கும் 4ஜி மாட்யூலில் ஓடுகின்றன. அந்த மோடத்தின் வேகம் நொடிக்கு 300 பிட். நாங்கள் வைத்ததோ 115200. போதாதா?

பிசிபி லேஅவுட் என் பொறுப்பு. டேட்டாஷீட்டில் யூஎஸ்பிக்கென்று சில பக்கங்கள் இருந்தன. 90 ஓம், ஜோடி வயர், நீளம் சமமாக இருக்க வேண்டும், ஆன்டெனாவிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்றெல்லாம் பயமுறுத்தியிருந்தார்கள். சீனியர் ஒருத்தரிடம் கேட்டேன்.

"அண்ணா, யூஎஸ்பி வேணுமா?"

"நீ என்ன டாங்கிளா பண்ற? விட்டுர்றா."

விட்டுவிட்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பதிலைத்தான் நானும் எதிர்பார்த்துப் போயிருந்தேன். கனெக்டர், பாதுகாப்பு டையோடு எல்லாம் சேர்த்து 40 ரூபாய் மிச்சம். போர்டில் ஒரு விரல்கடை இடம் மிச்சம். பெருமையாகத்தான் இருந்தது.

பெட்டி வேலை செய்தது. ரிவ்யூவில் நல்ல மார்க். கிணற்றடியில் மாட்டிவிட்டு வந்தோம். நண்பனின் அம்மா போட்ட கறிக்குழம்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு நாள் போன்.

"என்னப்பா, பொட்டி பேசவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தால், மாட்யூல் நெட்வொர்க்கில் பதிவு ஆகிறது, விழுகிறது, மறுபடி பதிவு ஆகிறது, விழுகிறது. சிம் மாற்றினோம், ஆன்டெனா மாற்றினோம், ஒன்றும் பலிக்கவில்லை. மாட்யூல் விற்றவர்களுக்கு மெயில் போட்டோம். ஒரே வரியில் பதில் வந்தது. இது அந்த ஃபர்ம்வேர் பதிப்பில் தெரிந்த பிரச்சினைதான், புதிய பதிப்பில் சரிசெய்தாகிவிட்டது, யூஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளவும்.

ஙே என்று விழித்தேன்.

காற்று வழியாக அப்டேட் செய்யலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அந்த வகை அப்டேட் பெரும்பாலும் முழு ஃபர்ம்வேர் கிடையாது. ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கும் இன்னொரு குறிப்பிட்ட பதிப்புக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். எங்களிடம் இருந்த பழைய பதிப்புக்கு அப்படி ஒன்று தயாராகவே இல்லை. இருந்திருந்தாலும், நெட்வொர்க்கில் நிற்க முடியாத மோடத்துக்கு நெட்வொர்க் வழியாக வைத்தியம் செய்வது, கிணற்றில் விழுந்தவனிடம் மேலே வந்து கயிறு வாங்கிக்கொள் என்று சொல்வது மாதிரி.

நண்பனின் அப்பா திட்டவில்லை. "சரி விடுப்பா, பழகின வேலைதானே" என்று டார்ச்சுக்கு புது பேட்டரி வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலு வயர் படுத்திய பாடு

மாட்யூலின் ஓரத்தில் இருந்த பேட்களில் நேரடியாக எனாமல் வயரை சாலிடர் செய்து பார்ப்பது என்று முடிவு. லேப் அண்ணன் பூதக்கண்ணாடியும் பொறுமையும் கடன் கொடுத்தார்.

முதல் முயற்சி: டி பிளஸ், டி மைனஸ், கிரவுண்ட் மூன்றையும் இழுத்து லேப்டாப்பில் சொருகினோம். ஒரு சத்தமும் இல்லை. அரை நாள் கழித்துத்தான் உறைத்தது. விபஸ், அதாவது 5 வோல்ட் வரும் கம்பி. மாட்யூலுக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் வருகிறதே, இது எதற்கு என்று விட்டிருந்தேன். இந்த மாட்யூலுக்கு அந்தக் கால் மின்சாரத்துக்காக இல்லை. "எதிர்ப்பக்கம் யாரோ இருக்கிறார்கள்" என்று தெரிந்துகொள்ள. விபஸ் வராதவரை அது தன்னை அறிவிக்காது. யூஎஸ்பி விதியும் அதைத்தான் சொல்கிறது: விபஸ் இல்லாதபோது கருவி டேட்டா கம்பியை மேலே இழுக்கக்கூடாது.

இரண்டாவது முயற்சி: விபஸும் கொடுத்தோம். லினக்ஸ் லாகில் மைனஸ் 71 என்ற பிழை வரிசையாக ஓடியது. கைகுலுக்கல் நடக்கிறது, பேச்சு நடக்கவில்லை. 10 சென்டிமீட்டர் எனாமல் வயர், முறுக்கக்கூட இல்லை. அதில் நொடிக்கு 480 மெகாபிட் ஓடும் என்று நினைத்தது என் வெகுளித்தனம்.

மூன்றாவது முயற்சிக்கு யோசனை சொன்னது லேப் அண்ணன்தான். லேப்பில் ஒரு யூஎஸ்பி ஐசொலேட்டர் இருந்தது. ஸ்கோப்பைக் காப்பாற்ற வாங்கியது. அது 12 மெகாபிட்டுக்கு மேல் போகாத பழைய ரகம். அதை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் வேறு வழியில்லாமல் 12 மெகாபிட்டில்தான் பேச வேண்டும். அந்த வேகத்தில் எங்கள் மோசமான வயரும் போதும். சொருகினோம். நாலு போர்ட் வரிசையாக வந்து நின்றது! பூட் காலை 1.8 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்தபடி பவர் கொடுத்து, ஃபர்ம்வேரை ஏற்றி, மாட்யூல் எழுந்து, நெட்வொர்க்கைப் பிடித்து நின்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டேன்.

அடுத்த போர்டில் அதே வேலையைச் செய்யும்போது பேட் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அந்த போர்டு இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட்.

யூஆர்ட் போதாதா?

வேலை செய்ய யூஆர்ட் போதும். பிழைத்துக்கிடக்கப் போதாது. இதுதான் நான் கற்றுக்கொண்டது.

கணக்கு போடுவோம். 115200 வேகத்தில், ஒரு பைட்டுக்கு 10 பிட் என்று வைத்தால், 1 மெகாபைட் அனுப்ப சுமார் 91 நொடி. 30 மெகாபைட் ஃபர்ம்வேர் என்றால் முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு பைட்கூடத் தவறக்கூடாது. கேட்-1 மாட்யூலின் இறங்கு வேகம் 10 மெகாபிட், கேட்-4 என்றால் 150 மெகாபிட். இந்த வேகத்துக்கு சாதாரண யூஆர்ட்டை வைப்பது ஆற்று நீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது மாதிரி.

வேகம்கூட இரண்டாம் பட்சம். ஒரே யூஎஸ்பி கம்பிக்குள் பல வாசல்கள் இருக்கின்றன. பல மாட்யூல்களில் ஏடி கமாண்டுக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று, ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று, உள் பரிசோதனைக்கு ஒன்று. அந்தக் கடைசி வாசலில்தான் மோடம் டவரோடு என்ன பேசுகிறது, எந்த இடத்தில் மறுக்கப்படுகிறது என்பதெல்லாம் தெரியும். யூஆர்ட்டில் எங்களுக்குத் தெரிந்தது "பதிவு ஆகவில்லை" என்ற ஒரு வரி. காய்ச்சல் என்று மட்டும் சொல்லும் தெர்மாமீட்டர். என்ன காய்ச்சல் என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை யூஎஸ்பி பக்கத்தில் இருந்தது. நாங்கள் அந்தக் கதவை செங்கல் வைத்து அடைத்திருந்தோம்.

இன்னொரு விஷயம். நெட்வொர்க் நம் போர்டைவிட வேகமாக மாறுகிறது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2017 தொடக்கத்தில் 2ஜியை மூடியது, 2022-ல் 3ஜியை மூடியது. நம் ஊரில் 2016-ல் வந்த ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது. கிணற்றடியில் மாட்டும் பெட்டி பத்து வருடம் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பத்து வருடம் நெட்வொர்க் அப்படியே இருக்கும் என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்?

எதிர்க்கட்சி வாதங்கள்

சும்மா "யூஎஸ்பி வாழ்க" என்று கோஷம் போட்டுவிட்டுப் போகவில்லை. எதிராகச் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: பவர். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று கொடுக்கக் கடமைப்பட்டது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். இதை மட்டும் நம்பி மோடத்தை ஓட்டினால் 2ஜியில் மாட்டிக்கொள்வீர்கள். ஜிஎஸ்எம் 900-ல் மோடம் 2 வாட் வரை அனுப்பும். தொடர்ந்து அனுப்பாது. 4.615 மில்லி நொடிக்கு ஒருமுறை, 577 மைக்ரோ நொடி மட்டும் கத்தும். போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் வருமே ஒரு டிர்ர்ர்ர், அது இந்த நொடிக்கு 217 தடவை கத்தல்தான். அந்தக் கத்தலின்போது மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும்.

2.5 வாட்டை 90 சதவீதத் திறனோடு 3.8 வோல்ட்டுக்கு மாற்றினால் கிடைப்பது சுமார் 0.6 ஆம்பியர். மீதி 1.4 ஆம்பியரை 577 மைக்ரோ நொடிக்கு கெப்பாசிட்டர் தர வேண்டும். வோல்டேஜ் 0.3 வோல்ட்டுக்கு மேல் சரியக்கூடாது என்றால் கிட்டத்தட்ட 2,700 மைக்ரோ ஃபாரட். ஆனால் யூஎஸ்பி விதிப்படி சொருகும் நொடியில் விபஸில் தெரியும் கெப்பாசிட்டர் 10 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக்கூடாது. மாமியார் ஒன்று சொல்ல மருமகள் ஒன்று சொல்ல, நடுவில் மாட்டிய மகன் கதைதான். வழி உண்டு: பெரிய கெப்பாசிட்டரை ரெகுலேட்டருக்குப் பின்னால் வைத்து, ரெகுலேட்டர் மெதுவாகத் தொடங்குகிற மாதிரி செய்ய வேண்டும். 2006-ல் வந்த ஹுவாவே இ220 மோடத்தோடு இரண்டு தலை வைத்த யூஎஸ்பி கேபிள் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு போர்ட் போதாவிட்டால் இன்னொன்றிலும் கை நீட்டத்தான்.

எல்டிஇ மட்டும் உள்ள மாட்யூலுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதன் உச்ச வெளியீடு 200 மில்லிவாட் அளவுதான். ஆனால் 2ஜியும் சேர்ந்த மாட்யூல் என்றால் கணக்கு போடாமல் விடாதீர்கள். எங்களை மாதிரி தனி பவர் இருக்கும் டிசைனில் பதில் இன்னும் சுலபம்: யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கவே வேண்டாம். விபஸை அடையாளத்துக்கு மட்டும் மாட்யூலுக்குக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது வாதம்: இரைச்சல். இதுதான் என்னைப் பயமுறுத்தி ஓடவைத்த பக்கம். பயம் நியாயமானதே. 480 மெகாபிட் சிக்னலின் அடிப்படை அலைவரிசை 240 மெகாஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 480, 720, 960 என்று போகும். 900 பட்டையில் டவரிலிருந்து வரும் சிக்னல் 925 முதல் 960 வரை. சரியாக வாசல்படியில் வந்து நிற்கிறது பாருங்கள். அந்த டவர் சிக்னல் சில சமயம் மைனஸ் 100 டிபிஎம் அளவுக்கு மெலிந்திருக்கும், அதாவது ஒரு மில்லிவாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. பக்கத்தில் யூஎஸ்பி கொஞ்சம் முணுமுணுத்தாலே அதன் காது அடைத்துவிடும். யூஎஸ்பி 3.0 இன்னும் மோசம். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கருவிகளைக் கெடுக்கிறது என்று 2012-ல் இன்டெல்லே அறிக்கை வெளியிட்டது.

ஆனால் இதற்கான மருந்து யூஎஸ்பியை வெட்டுவது இல்லை. ஜோடி வயரை ஆன்டெனாவுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோவது, அடியில் கிரவுண்டை எங்கும் கிழிக்காமல் வைப்பது, தூரத்தைக் குறைப்பது. வேகமான யூஎஸ்பி சிக்னல் ஏறி இறங்கும் நேரம் சுமார் அரை நானோ நொடி. அந்த நேரத்தில் போர்டில் சிக்னல் ஓடும் தூரம் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் ஜோடியில் 90 ஓம் கொஞ்சம் பிசகினாலும் பெரும்பாலும் மன்னித்துவிடும். 10 சென்டிமீட்டருக்கு மன்னிப்பு கிடையாது, அனுபவித்துச் சொல்கிறேன். முக்கியமாக, சர்வீஸுக்கு மட்டும் வைத்த யூஎஸ்பி மற்ற நேரத்தில் பேசுவதே இல்லை. பேசாதவன் எப்படி இரைச்சல் போடுவான்?

மூன்றாவது வாதம்: பேட்டரி. யூஎஸ்பியில் சொருகியிருக்கும் கருவியை கம்ப்யூட்டர் ஒவ்வொரு மில்லி நொடியும் தட்டி எழுப்பும். வேகமான யூஎஸ்பி என்றால் 125 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை. 3 மில்லி நொடி அமைதியாக விட்டால்தான் கருவி தூங்கப் போகலாம். பல மாட்யூல்கள் விபஸ் இருக்கும்வரை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. இதுவும் உண்மை. பதில்: விபஸுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச். வேண்டும்போது கொடு, வேண்டாதபோது எடு. எங்களை மாதிரி வெறும் பேட் மட்டும் வைத்தவர்களுக்கு அதுவும் தேவையில்லை. கேபிளைப் பிடுங்கினால் விபஸ் போச்சு.

நான்காவது வாதம்: பாதுகாப்பு. எனக்கே கொஞ்சம் யோசனையாக இருப்பது இதுதான். திறந்த யூஎஸ்பி என்றால் யார் வேண்டுமானாலும் சொருகி ஏடி கமாண்டு அடிக்கலாம். 2018-ல் யூசெனிக்ஸ் மாநாட்டில் வந்த ஆய்வு ஒன்று, 11 நிறுவனங்களின் 2,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஃபர்ம்வேர்களைக் குடைந்து 3,500 ஏடி கமாண்டுகளை எடுத்துப்போட்டது. பூட்டைத் திறப்பது வரை அதில் இருந்தது. கடைத்தெருவில், ஏடிஎம்மில், வண்டியில் மாட்டுகிற பெட்டிக்கு இது நிஜமான ஆபத்து. ஆகவே கனெக்டரை பெட்டிக்கு வெளியே நீட்டாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் தெரிகிற மாதிரி உள்ளே பேட் வையுங்கள். பெட்டியைக் கழற்ற ஒருத்தன் உட்கார்ந்துவிட்டான் என்றால் அவன் எனாமல் வயரும் கொண்டு வருவான். கதவுக்குப் பூட்டு போடுவது நியாயம். கதவே வைக்காமல் வீடு கட்டுவது நியாயமா?

குறைந்தபட்சம் என்ன செய்யலாம்

டேட்டாஷீட் பயமுறுத்தும் என் ஜூனியர்களுக்கு, என் சின்ன அனுபவத்திலிருந்து:

ஒன்று. விபஸ், டி பிளஸ், டி மைனஸ், கிரவுண்ட், இதோடு பூட் கால். இந்த ஐந்துக்கும் சாலிடர் முனை தொடுகிற அளவுக்கு பேட். பூட் காலுக்குத் தேவையான 1.8 வோல்ட்டும் பக்கத்திலேயே ஒரு பேடில். இதற்கு ஆகும் செலவு பூஜ்யம்.

இரண்டு. டி பிளஸும் டி மைனஸும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்தில், ஒரே நீளத்தில், குறைந்த தூரத்தில் போகட்டும். நடுவில் கிளை பிரியக்கூடாது.

மூன்று. கனெக்டர் வைக்கிறீர்கள் என்றால் பாதுகாப்பு டையோடை கனெக்டருக்கு ஒட்டி வையுங்கள். சாதாரண டையோடு வைத்தால் அதன் கெப்பாசிட்டன்ஸே சிக்னலைக் கொன்றுவிடும். ஓரிரு பைக்கோ ஃபாரட்டுக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்கு. டைப்-சி கனெக்டர் என்றால் இரண்டு சிசி கால்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற ஆசை வேண்டாம். 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4-ல் அப்படிச் செய்துதான் சில கேபிள்களில் மின்சாரமே ஏறாமல், அப்புறம் போர்டை மாற்றினார்கள். அவ்வளவு பெரிய ஆட்களே சறுக்கிய இடம்.

ஐந்து. போர்டு வந்த அன்றே யூஎஸ்பியைச் சொருகிப் பாருங்கள். ஒருமுறைகூட சோதிக்காத உயிர்க்காப்பு வளையம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் போனாலும் ஒன்றுதான்.

கடைசியாக

எங்கள் பாடத்திட்டத்தில் யூஆர்ட்டுக்கு ஒரு யூனிட் இருக்கிறது. யூஎஸ்பிக்கு இரண்டு பக்கம், அதுவும் பரீட்சைக்கு வராத இரண்டு பக்கம். அதைவிடப் பெரிய குறை, எங்கள் புராஜெக்ட் ரிவ்யூவில் "வேலை செய்கிறதா?" என்று மட்டும்தான் கேட்டார்கள். "வேலை செய்யாமல் போனால் என்ன செய்வாய்?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த 40 ரூபாயைப் பற்றி அன்றைக்கே வெட்கப்பட்டிருப்பேன். டெமோ நாளில் யூஎஸ்பி பேட்கள் ஒரு வேலையும் செய்யாது. மார்க்கும் வாங்கித் தராது. ஆனால் டெமோ முடிந்து ஆசிரியர்களும் மாணவர்களும் வீட்டுக்குப் போன பிறகுதான் பெட்டியின் வாழ்க்கையே தொடங்குகிறது.

இரண்டாவது ரிவிஷன் போர்டு போட்டாயிற்று. பேட்கள் வைத்தாயிற்று. போன மாதம் கிணற்றடியில் புதுப் பெட்டியை மாட்டும்போது நண்பனின் அப்பா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த ஆறு புள்ளி எதுக்குப்பா?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மோட்டார் ரூம்ல மண்வெட்டி வச்சிருக்க மாதிரி" என்றார்.

நான் இவ்வளவு நீளமாகச் சொன்னதை மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

டிஸ்கி: டார்ச் லைட் இன்னும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. பேட்டரியை எடுத்துவிடச் சொன்னேன், "அது இருக்கட்டும்ப்பா" என்றார். அவரும் என் கட்சிதான்.